மின்சாரம் படிக்கப் போன முதல் பெண்மணி



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம்ம யூனியன் செயலாளர் கேட்டார். பொண்ணுங்க பக்கத்துக்கு ஒரு கவிதை போதும் என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்குக் கவிதை வராதுங்க. எனக்கு வருவது மோட்டாருக்குக் காயில் கட்டுவதுதான். எங்க வீடு மாமல்லபுரத்தில். அப்பா சிற்பி. உளியும் சுத்தியும் மட்டும் இருந்த பட்டறையில் இப்போது கட்டிங் மிஷினும் கிரைண்டரும் வந்துவிட்டன. கல் தூசு உள்ளே போய் வாரம் ஒரு மிஷின் புகைந்துவிடும். முன்பெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு அப்பா செங்கல்பட்டுக்கு பஸ் ஏறுவார். நான் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ சேர்ந்த இரண்டாம் வருஷத்திலிருந்து அந்த பஸ் செலவு மிச்சம்.

அதனால் கவிதை எழுதாமல், மின்சாரம் படிக்கப் போன முதல் பெண்மணியின் வாழ்க்கையை எழுதுகிறேன். அவர் பெயர் அய்யலசோமயாஜுல லலிதா. சுருக்கமாக ஏ. லலிதா. இந்தியாவின் முதல் பெண் இன்ஜினியர் என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரியில் வந்துவிட்டுப் போகும் பெயர். அந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு இருக்கிறது என்று எங்கள் மெஷின்ஸ் லேப் மேடம் ஒரு நாள் சாயங்காலம் சொன்னார்கள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அன்று கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த ஒரு கம்பெனிக்காரர், நைட் ஷிப்ட் இருக்கிறது, பெண்கள் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் ஒன்பது பேர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு லேபில் உட்கார்ந்திருந்தோம். மேடம் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. இந்தக் கதையை மட்டும் சொன்னார்கள்.

லலிதா அம்மையார் பிறந்தது 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் தேதி, சென்னையில். தெலுங்கு பேசும் குடும்பம். ஏழு பிள்ளைகளில் ஐந்தாவது. அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். வீட்டில் ஆண் பிள்ளைகள் இன்ஜினியரிங் பக்கம் போனார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஓரளவு படிப்பு, பிறகு கல்யாணம். பேராசிரியர் வீட்டிலேயே இப்படித்தான் என்றால் மற்ற வீடுகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்!

1934இல் லலிதாவுக்குக் கல்யாணம். வயது 15. இது சட்ட விரோதம் என்று நினைத்துவிடாதீர்கள். 1929இல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 வயது ஆனால் போதும் என்றுதான் சொன்னது. கல்யாணத்துக்குப் பிறகும் பத்தாம் வகுப்பு வரை படித்து முடித்தார்.

1937இல் கணவர் இறந்துவிட்டார். லலிதாவுக்கு அப்போது 18 வயது. கையில் நான்கு மாதப் பெண் குழந்தை.

அந்தக் காலத்தில் அந்த மாதிரிக் குடும்பங்களில் ஒரு விதவைப் பெண்ணின் கதி என்ன என்பதை நம் பாட்டிமார்களைக் கேட்டால் சொல்வார்கள். தலையை மழித்து, ஒரு மூலையில் உட்கார வைத்து, நல்ல காரியம் எதற்கும் முன்னால் வரக்கூடாது என்று வைத்திருந்த வீடுகள் எத்தனையோ. அதை எதிர்த்தவர்களும் அதே சென்னையில்தான் இருந்தார்கள். சிறு வயதிலேயே விதவையான சிஸ்டர் சுப்புலட்சுமி பி.ஏ. படித்து, தன்னைப் போன்ற பெண்களுக்காகத் திருவல்லிக்கேணியில் இல்லம் நடத்தினார். அப்படியும் பழக்கம் லேசில் போய்விடுமா? லலிதா அந்த மூலையில் உட்காரவில்லை. அப்பா வீட்டுக்கு வந்தார். மேலே படிக்க வேண்டும், சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி, என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திருக்கழுக்குன்றத்தில் எங்க பெரியம்மா மகள் இருக்கிறாள். எனக்கு அக்கா முறை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் ஈ.சி.ஆர். ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டார். குழந்தைக்கு அப்போது எட்டு மாதம். அக்கா ப்ளஸ் டூவில் கணக்கு, இயற்பியல் எடுத்துப் படித்தவள். என்னைவிட நல்ல மார்க். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். ஒரு தையல் மிஷின் வாங்கித் தரலாம் என்று பெரியப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். லேபில் மேடம் பதினெட்டு வயதையும் நான்கு மாதக் குழந்தையையும் சொன்னபோது எனக்கு லலிதா அம்மையார் ஞாபகத்தில் நிற்கவில்லை. அக்காதான் நின்றாள். சரி, கதைக்கு வருகிறேன்.

லலிதா இன்டர்மீடியட் படித்தது ராணி மேரி கல்லூரியில். கடற்கரை ஓரத்தில் 1914இல் தொடங்கிய, சென்னையின் முதல் பெண்கள் கல்லூரி அது. இன்டர்மீடியட் முடித்த பிறகு என்ன படிப்பது? அன்று படித்த பெண்களுக்குத் திறந்திருந்த கதவுகளில் பெரியது டாக்டர் படிப்பு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1912இலேயே அதைத் திறந்து வைத்துவிட்டார். லலிதாவும் அதை யோசித்துப் பார்த்திருக்கிறார். ஆனால் டாக்டர் என்றால் நடு ராத்திரியில் கூப்பிட்டாலும் போக வேண்டும். குழந்தையை விட்டுவிட்டு எப்படிப் போவது? காலையில் போய் சாயங்காலம் வீடு திரும்பும் வேலையாக இருந்தால்தான் குழந்தையைத் தானே வளர்க்க முடியும். அப்பா இன்ஜினியர், கூடப் பிறந்தவர்கள் இன்ஜினியர்கள். ஆகவே இன்ஜினியரிங் என்று முடிவு செய்தார்.

இந்த இடத்தில் எங்கள் லேபில் எல்லோரும் சிரித்துவிட்டோம். பாருங்களேன்! ராத்திரி வேலை இருக்காது என்றுதான் முதல் பெண் இன்ஜினியரே இன்ஜினியரிங்கைத் தேர்ந்தெடுத்தார். இன்றைக்கு ராத்திரி வேலை இருக்கிறது என்று சொல்லித்தான் எங்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். அதில் இன்னொரு நியாயமும் கேட்கத் தோன்றுகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்காமார்கள் ராத்திரி முழுக்க வேலை பார்க்கிறார்களே, அவர்களை யாராவது நைட் ஷிப்ட் என்று சொல்லி வேண்டாம் என்கிறார்களா?

முடிவு செய்தாயிற்று. ஆனால் எங்கே சேருவது? கிண்டிக் கல்லூரி 1794இல் ஒரு சர்வே பள்ளியாகத் தொடங்கியது. ஏறத்தாழ நூற்றைம்பது வருஷம் ஒரு பெண் கூட அங்கே மாணவியாகக் காலடி வைத்ததில்லை. சேரக் கூடாது என்று சொன்னவர்களை விட, பெண் வந்து கேட்பாள் என்று நினைத்தவர்கள்தான் இல்லை என்று நினைக்கிறேன். சுப்பாராவ் தன் கல்லூரி முதல்வர் டாக்டர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். முதல்வர் சம்மதித்தார். அடுத்து அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும். கல்வித் துறை டைரக்டராக இருந்த ஆர்.எம். ஸ்டேதம் என்ற வெள்ளைக்காரரும் சரி என்றார். 1940இல் லலிதா எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் வகுப்பில் போய் உட்கார்ந்தார்.

அப்பா அங்கேயே பேராசிரியர், அதனால்தான் கிடைத்தது என்று என் வகுப்பு நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான், நான் மறுக்கவில்லை. அந்த அப்பா இல்லாவிட்டால் அந்தக் கதவு இன்னும் எத்தனை வருஷம் மூடிக் கிடந்திருக்குமோ! ஆனால் நண்பரே, பேராசிரியர் அப்பாக்கள் அந்தக் கல்லூரியில் அதற்கு முன்னும் இருந்தார்கள் அல்லவா? எத்தனை பேர் தன் மகளுக்காகப் போய்க் கேட்டார்கள்? அப்பா கதவைத் திறந்து விடலாம். பரீட்சை எழுதுவது மகள்தானே.

நம்ம ஜில்லாக்காரர்களுக்கு ஒரு சின்னப் பெருமையும் இதில் உண்டு. அந்தக் காலத்தில் செங்கல்பட்டு ஜில்லா கலெக்டர் உட்கார்ந்திருந்தது செங்கல்பட்டில் இல்லை, சைதாப்பேட்டையில்! சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவில் அடையாறு ஒன்றுதான். நம்ம செங்கல்பட்டு 2019இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. ஆனால் நாட்டின் முதல் பெண் இன்ஜினியர் படித்த இடம் அன்றைய நம் ஜில்லா தலைநகருக்கு எதிர்க்கரை என்று நாம் உரிமை கொண்டாடினால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஹாஸ்டல் வாழ்க்கைக்கு வருவோம். சுற்றிலும் நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்கள். நடுவில் ஒரே ஒரு பெண். தங்குவதற்குத் தனியாக இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. வாரக் கடைசியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மூன்று வயதுக் குழந்தை, தாயை வாரம் ஒரு தடவை பார்க்கிறது. ஹாஸ்டலில் இருக்கும் நம் தோழிகள் திங்கட்கிழமை காலையில் எப்படி முகத்தை வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இவர்களுக்கு அம்மாவைப் பிரிந்த ஏக்கம். அவருக்குப் பிள்ளையைப் பிரிந்த ஏக்கம்.

கூடப் படித்தவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். தொந்தரவு இல்லை. ஆனால் தனிமை இருந்தது. பேச ஒரு பெண் துணை இல்லை. இதைப் பார்த்த அப்பாவும் கல்லூரியும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். பெண்களும் கிண்டியில் சேரலாம் என்று விளம்பரம் கொடுத்தார்கள்! அடுத்த வருஷமே கேரளத்துப் பெண்கள் இரண்டு பேர் சிவில் பிரிவில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் லீலாம்மா ஜார்ஜ். இன்னொருவர் பி.கே. திரேசியா. இந்தத் திரேசியாதான் பின்னாளில் 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனவர். ஒரு மாணவிக்குத் துணை வேண்டும் என்று போட்ட விளம்பரம் ஒரு மாநிலத்துக்கே சீஃப் இன்ஜினியரைக் கொடுத்துவிட்டது.

இரண்டாம் உலக யுத்த காலம். நாட்டுக்கு இன்ஜினியர்கள் அவசரமாகத் தேவைப்பட்டதால் படிப்பின் காலத்தைக் குறைத்துவிட்டார்கள். அதனால் ஒரு வருஷம் பின்னால் சேர்ந்த அந்த இருவரும் லலிதாவும் ஒன்றாகவே பட்டதாரி ஆனார்கள். லலிதா படிப்பை முடித்தது 1943இல். பட்டச் சான்றிதழில் ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் அச்சடித்த சான்றிதழ் அது. இன்ஜினியர் என்றாலே ஆண்தான் என்று 'ஹி' என்றே அச்சாகியிருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டு 'ஷி' என்று கையால் எழுதிக் கொடுத்தார்கள். நம் காலேஜில் இனிஷியல் தப்பாக வந்தாலே ஆபீஸுக்கும் டிபார்ட்மென்டுக்கும் பத்து நாள் நடக்க வைப்பார்கள். அங்கே ஒரு பேனாக் கோட்டிலேயே முடித்துவிட்டார்கள்.

பட்டம் வாங்கினால் போதாது, பிராக்டிகல் பயிற்சி வேண்டும். அதற்காக பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்குப் போனார். 1862இல் தொடங்கிய பழம்பெரும் ஒர்க்‌ஷாப். ஒரு வருஷப் பயிற்சி. பிறகு சிம்லாவில் மத்திய தர நிர்ணய அமைப்பில் இன்ஜினியரிங் உதவியாளர் வேலை. அங்கே சுமார் இரண்டு வருஷம். அதன் பின் சென்னைக்கு வந்து அப்பாவின் ஆராய்ச்சிக்குக் கொஞ்ச காலம் துணையாக இருந்தார். சுப்பாராவ் சும்மா இருக்கும் ஆள் இல்லை. புகை வராத அடுப்பு, மின்சாரத்தில் சுடர் உண்டாக்கும் கருவி, ஜெலக்ட்ரோமோனியம் என்ற மின்சார இசைக் கருவி என்று ஏதாவது செய்துகொண்டே இருப்பவர். அப்பாவோடு வேலை பார்ப்பது சுகமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் குழந்தையை வளர்க்க மாதச் சம்பளம் வேண்டுமே. 1948இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ், அதாவது ஏ.இ.ஐ. என்ற பிரிட்டிஷ் கம்பெனியில் சேர்ந்தார்.

அங்கே என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. எலக்ட்ரிக்கல் படிக்காத நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர் செய்த வேலை டிரான்ஸ்மிஷன் லைன் டிசைன், சப் ஸ்டேஷன் லே-அவுட், பாதுகாப்புக் கருவிகள் சம்பந்தப்பட்ட வேலை. மின்சாரத்தை உற்பத்தி செய்துவிட்டால் மட்டும் போதாது. தூரத்துக்குக் கொண்டு போக வேண்டும். கம்பி சூடாகி வழியிலேயே மின்சாரம் வீணாகும். அந்த நஷ்டம் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே பவரை அனுப்ப, வோல்டேஜைப் பத்து மடங்கு ஏற்றினால் கரண்ட் பத்தில் ஒரு பங்காகும். அதே கம்பியில் நஷ்டம் நூறில் ஒரு பங்காகிவிடும்! இதற்காகத்தான் இவ்வளவு பெரிய கோபுரங்கள், இவ்வளவு பெரிய டிரான்ஸ்ஃபார்மர்கள். ஏற்றிய வோல்டேஜை இறக்கி ஊருக்குப் பிரித்துக் கொடுக்கும் இடம் சப் ஸ்டேஷன். பஸ் பார் எங்கே, பிரேக்கர் எங்கே, ஐசொலேட்டர் எங்கே, கம்பிக்கும் தரைக்கும் நடுவில் எத்தனை அடி என்று ஒவ்வொன்றையும் தாளில் வரைய வேண்டும். எங்கேயாவது ஷார்ட் ஆனால் அந்தப் பகுதி மட்டும் கண் இமைப்பதற்குள் துண்டிக்கப்பட வேண்டும். மற்ற ஊர்களில் விளக்கு அணையக் கூடாது. இத்தனையும் ஸ்லைடு ரூலையும் லாக் டேபிளையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்ட காலம். இந்தியாவுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்ததே 1955 வாக்கில்தான். அதுவும் அதே கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்தது. நம் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட் தோழிகள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். இன்றைக்கு சாஃப்ட்வேரில் பட்டனைத் தட்டினால் வரும் விடைக்கு அன்று அவர் எத்தனை தாள் எழுதியிருப்பார்!

சட்லெஜ் நதியில் 226 மீட்டர் உயரத்துக்கு எழும்பி 1963இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பக்ரா அணை எல்லோருக்கும் தெரியும். அந்த பக்ரா நங்கல் திட்டத்தின் ஜெனரேட்டர்கள் தொடர்பான வேலையிலும் லலிதாவுக்குப் பங்கு உண்டு.

கல்பாக்கம் பக்கம் பஸ்ஸில் போகும்போது அணு மின் நிலையத்திலிருந்து வரிசையாகக் கிளம்பும் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். முதல் யூனிட் 1984 ஜனவரியில் மின்சாரம் விற்கத் தொடங்கியது. அதைப் பார்க்க அம்மையார் உயிரோடு இல்லை. சின்ன வயதில் நான் அந்தக் கோபுரங்களை எண்ணிக்கொண்டே போவேன். இப்போது இன்சுலேட்டர் தட்டுகளை எண்ணுகிறேன், எத்தனை கே.வி. என்று ஊகிப்பதற்காக. ஒரு பெண் உட்கார்ந்து இந்த மாதிரி லைன்களை வரைந்தார் என்று தெரிந்த பிறகு, ஜன்னல் ஓர சீட்டுக்காகச் சண்டையே போடுகிறேன்.

வெளி உலகப் பெருமைகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். 1953இல் லண்டன் எலக்ட்ரிகல் இன்ஜினியர்கள் கழகம் அவரை அசோசியேட் உறுப்பினராக ஏற்றது. 1966இல் முழு உறுப்பினர் ஆக்கியது. 1964 ஜூனில் நியூயார்க்கில் பெண் இன்ஜினியர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு நடந்தது. லலிதாவுக்கு அழைப்பு வந்தது. இந்தியாவில் பெண் இன்ஜினியர்களுக்கு என்று அப்போது ஒரு சங்கமே கிடையாது. யாருடைய பிரதிநிதியாகவும் இல்லாமல், தனி ஆளாகப் போய்க் கலந்துகொண்டார். 1965இல் லண்டன் பெண் இன்ஜினியர்கள் சங்கத்தில் உறுப்பினரானார். 1967இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் நடந்த இரண்டாவது மாநாட்டுக்கு இந்தியாவின் சார்பில் பொறுப்பேற்று வேலை செய்தார். உலக உணவுப் பிரச்சினைக்குத் தொழில்நுட்பம் என்ன செய்யலாம் என்பது அந்த மாநாட்டின் பொருள். மூன்று வருஷத்தில் தனி ஆள், நாட்டுக்கே பிரதிநிதி ஆகிவிட்டார்.

அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. மகளைப் படிக்க வைத்தார். சொன்ன மாதிரியே காலையில் வேலைக்குப் போய் சாயங்காலம் வீடு திரும்பி வளர்த்தார். கிட்டத்தட்ட 30 வருஷம் அதே கம்பெனி. கம்பெனி கை மாறி வேறு பெயருக்குப் போன பிறகும் இருந்து 1977இல் ஓய்வு பெற்றார். ஓய்வை அனுபவிக்க இரண்டு வருஷம்தான் கிடைத்தது. மூளையில் ரத்தக் குழாய் வீங்கும் நோய் வந்து 1979 அக்டோபர் 12ஆம் தேதி காலமானார். வயது 60.

அன்று லேபில் இதைக் கேட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போகவில்லை. திருக்கழுக்குன்றத்தில் இறங்கிவிட்டேன். டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் கிடையாதே, எங்கே இறங்கினால் என்ன! அக்கா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். முழுக் கதையையும் சொன்னேன். ப்ளஸ் டூ முடித்தவர்கள் டிப்ளமோவில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரலாம் என்பதையும் சொன்னேன். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்கள், நானும் வாங்குகிறேன் என்றேன். அக்கா அதையெல்லாம் பெரிதாகக் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குழந்தை வாரக் கடைசியில் அம்மா கிளம்பும்போது அழுதிருக்குமா என்று மட்டும் கேட்டாள். அழுதிருக்கும் என்றுதான் சொன்னேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் நீ ஹாஸ்டலில் இருக்க வேண்டியதில்லை, காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடலாம், பகலில் பிள்ளையை எங்க அம்மா பார்த்துக்கொள்வாங்க என்றேன். அம்மாவிடம் நான் அப்போது கேட்டிருக்கவே இல்லை. மறுநாள்தான் கேட்டேன். அம்மா சரி என்றுவிட்டாங்க.

பெரியப்பாதான் பாக்கி. படித்து முடிக்கும்போது அவளுக்கு என்ன வயசு ஆகும், பொம்பளைப் பிள்ளை கரண்ட் வேலைக்குப் போவதா என்று இரண்டு கேள்வி கேட்டார். முதல் கேள்விக்கு, படிக்காமல் இருந்தாலும் அதே வயசுதான் ஆகும் என்றேன். இரண்டாவதற்கு, அப்பாவின் கட்டிங் மிஷினைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அட்மிஷனுக்குக் கடைசித் தேதி இன்னும் வரவில்லை. பெரியப்பா இது வரை சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அக்காவின் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் இரண்டு காப்பி ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.

– மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னியல் துறை